கறுப்பு வேறு, தேய்வு வேறு: பழைய வெள்ளிக் காசின் நிலையை எப்படிப் பார்ப்பது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அம்மம்மாவின் பெட்டகத்தில் இருந்த பதினேழு வெள்ளி ரூபாய்களை 2009 தொடக்கத்தில் இடம்பெயரும்போது பொலித்தீனில் சுற்றி, பால்மாப் பேணிக்குள் போட்டு, கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனார்களாம். மீள்குடியேறி வந்தபின் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எல்லாம் கறுத்துப்போய் இருக்கின்றன. மதிப்பு அறியக் கொண்டுபோன இடத்தில் ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் தேய்ஞ்ச காசு, வெள்ளி விலைதான்" என்று சொல்லிவிட்டார். தேய்ந்ததா இல்லையா என்று நாமே பார்க்க முடியாதா, தேசிக்காய் போட்டுத் துலக்கினால் மதிப்புக் கூடுமா என்று கேட்கிறார். மாந்தைப் பக்கம் தோட்டம் செய்யும் உறவினர் ஒருவர் மண்ணில் எடுத்த ஒரு சின்ன வெள்ளித் தகட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார். படங்களும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, துலக்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் தவறினால் மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை. துலக்காதீர்கள். தேசிக்காய், பழப்புளி, சாம்பல், பற்பொடி, கடையில் விற்கும் வெள்ளி மினுக்கும் திரவம், எதுவுமே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

உங்களுக்குக் கிடைத்த பதிலில் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. காசு கறுத்திருப்பதும் காசு தேய்ந்திருப்பதும் ஒன்றல்ல. வெள்ளி, காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கந்தகத்தோடு சேரும்போது சில்வர் சல்பைட் என்ற படலம் உண்டாகிறது. அதுதான் கறுப்பு. தேய்வு என்பது உலோகமே போய்விடுவது. கன்னங்கரேலென்று இருக்கும் ஒரு காசின் படலத்துக்குக் கீழே, அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்தது போன்ற முகம் இருக்கலாம். பளிச்சென்று வெள்ளையாக மின்னும் காசு பாதி முகத்தை இழந்ததாக இருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவருகிறேன். வன்னியில் நான் கண்ட மிக நல்ல ரூபாய்களில் பெரும்பாலானவை கறுத்தவைதான். யாரும் கைவைக்காமல் பெட்டகத்தின் அடியில் கிடந்தவை அல்லவா?

அம்மம்மாவிடம் ஏன் இந்திய ரூபாய் இருந்தது என்றும் சிலர் கேட்பதுண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கை தன் பெயரில் வெள்ளி ஒரு ரூபாய் அடிக்கவே இல்லை. 1872 இல் இங்கே ரூபாய், சதக் கணக்கு வந்தபோது புழங்கியது இந்தியாவின் வெள்ளி ரூபாய்தான். 1892 இலிருந்து 10, 25, 50 சதங்கள் வெள்ளியில் இலங்கைக்கென்று வந்தன. ரூபாய் மட்டும் இந்திய ரூபாயாகவே தொடர்ந்தது. நெல் விற்ற காசு, மாடு விற்ற காசு, சீதனமாக வந்த காசு எல்லாம் அந்த ரூபாய்தான். அதனால் வன்னிப் பெட்டகங்களில் விக்டோரியா, ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் ஆகிய நான்கு பேருடைய முகங்களும் சேர்ந்தே கிடக்கும். உங்களுடைய பதினேழிலும் அப்படித்தான்.

சரி, தேய்வை எங்கே தேடுவது?

கோயில் படியில் கால் படும் இடம்தான் குழியும். காசிலும் அப்படித்தான். விரலும் துணியும் மற்றக் காசும் முதலில் உரசுவது மேடான இடங்களில். ஒவ்வொரு அச்சிலும் அந்த மேடு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆண்டையும் எழுத்தையும் பார்த்துத் தரம் சொல்பவர்களை நம்ப வேண்டாம். எழுத்துகள் விளிம்பின் காவலில் இருப்பவை, கடைசியாகத்தான் தேயும்.

விக்டோரியா ரூபாயில் கன்னம், காதின் மேலே வாரிவிட்ட முடி, கிரீடத்தின் கற்கள், மார்பில் உள்ள ஆடையின் பூவேலை ஆகியவற்றைப் பாருங்கள். எனக்கு எப்போதும் உதவுவது அந்தப் பூவேலைதான். நல்ல நிலையில் உள்ள காசில் துணியின் பூவும் கொடியும் தனித்தனியாகத் தெரியும். புழக்கம் ஏற ஏற அவை ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் மார்புப் பகுதி வெறும் வழுவழுப்பான மேடாகிவிடும். தலைக்கு மறுபக்கமான பூப்பக்கத்தில் பூவிதழ்களின் நடு நரம்பு முதலில் போகும்.

எட்வேர்ட் ரூபாயில் கிரீடம் இல்லாத தலை. காதுக்கு மேலும் பின்னும் உள்ள முடிக்கற்றைகள்தான் அங்கே மேடு. பிறகு காதின் விளிம்பு, தாடி, கன்ன எலும்பு. வழுக்கைத் தலையாக அமைந்த உருவம் என்பதால் நெற்றி மழுமழுவென்றுதான் இருக்கும். அதைத் தேய்வு என்று எண்ணிவிடக் கூடாது. காதுக்கு மேலே முடி இழைகளாகத் தெரிகிறதா, ஒட்டிப்போன திட்டாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாயில் தரம் பார்ப்பதற்கென்றே வைத்தது போல ஒரு யானை இருக்கிறது. அரசரின் மேலங்கியில் உள்ள பதக்கச் சங்கிலியில் அது தொங்கும். 1911 இல் முதலில் வெளிவந்த காசில் அந்த யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தக் காசைத் திரும்பப் பெற்று, 1912 இலிருந்து திருத்திய அச்சில் அடித்தார்கள். சேகரிப்பவர்கள் 1911 ஐத் தேடுவது அதனால்தான். நமக்கு இங்கே தேவை வேறு. யானை தும்பிக்கையோடும் கால்களோடும் கூர்மையாகத் தெரிந்தால் காசு மிகக் குறைவாகவே புழங்கியது. யானை இருக்கிறது, ஆனால் ஒரு குமிழாக இருக்கிறது என்றால் நடுத்தரம். யானையே மேலங்கியோடு கலந்துவிட்டால் நிறையக் கைமாறிய காசு. யானையோடு கிரீடத்தின் கற்களையும் மீசையையும் காதின் மேல்விளிம்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே இடத்தை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

இலங்கையின் வெள்ளிச் சதங்கள் வேறு யாரிடமாவது இருந்தால், பூப்பக்கத்தில் நடுவில் நிற்கும் தாளிப்பனையின் ஓலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓலைகள் பிரிந்து தெரிந்தால் நல்லது.

இதையெல்லாம் பார்க்க வெளிச்சம் முக்கியம். கைபேசியின் பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் எதுவுமே தெரியாது. உங்கள் படங்களில் பாதி அப்படித்தான் வந்திருக்கிறது. காலை வெயில் சரிவாக விழும் யன்னலோரம் இருந்தாலே போதும். அல்லது ஒரே ஒரு மின்குமிழ் எரியும் மேசை விளக்கு. காசை விளிம்பில் பிடித்துக்கொண்டு, மெல்லச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள். முகத்தில் விரல் படக்கூடாது. அச்சு விழுந்த வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடிய மிக நுண்ணிய கோடுகள் புதுக்காசில் இருக்கும். அவற்றில் ஒளி பட்டால், வண்டிச் சில்லின் ஆரக்கால் போல இரண்டு ஒளிக்கீற்றுகள் காசின் மேல் சுழலும். இதைத்தான் சேகரிப்பவர்கள் லஸ்டர் என்கிறார்கள். மென்மையான கறுப்புப் படலத்தின் ஊடாகவும் இது தெரியும், அது மங்கலாக உள்ளிருந்து வரும் மினுக்கம். உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடங்களில் ஒளி சுழல்கிறது, கன்னத்திலும் காதிலும் மட்டும் அது அறுந்து சாம்பல் திட்டாக நிற்கிறது என்றால், அங்கேதான் தேய்வு தொடங்கியிருக்கிறது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. அதிகம் பெருப்பித்தால் எல்லாக் காசும் பாழாய்ப்போனதாகத்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல், மேடு தட்டையாக இருப்பதெல்லாம் தேய்வு அல்ல. அடிக்கும்போதே அச்சு முழுதாக விழாமல் விட்டிருக்கலாம். ஒரே அச்சை நீண்ட காலம் பயன்படுத்தி அச்சே தேய்ந்திருக்கலாம். இந்த இரண்டையும் புழக்கத் தேய்விலிருந்து பிரித்தறிய நான் செய்வது இதுதான்: தட்டையான இடத்தின் மேற்பரப்பையும் பக்கத்து வெற்றிடத்தின் மேற்பரப்பையும் ஒப்பிடுவேன். இரண்டிலும் அதே மினுக்கம், அதே சொரசொரப்பு இருந்தால் அது அச்சுக் குறை. தட்டையான இடம் மட்டும் வழவழவென்று, நிறம் மாறி, எண்ணெய் தேய்த்தது போல இருந்தால் அது தேய்வு. அதேபோல, நாணயச்சாலையிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவரும்போது காசோடு காசு முட்டிய சிறு வடுக்கள் புதுக்காசிலும் இருக்கும். அவையும் தேய்வல்ல. ஆனால் அவை கன்னத்தின் நடுவில் விழுந்திருந்தால் தரம் குறையும். ஓரத்தில் இருந்தால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

தரங்களுக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரித்தானிய வழக்கத்தில் கீழிருந்து மேலாக குட், வெரி குட், பைன், வெரி பைன், எக்ஸ்ட்ரீம்லி பைன், அன்சர்குலேட்டட் என்று சொல்வார்கள். பெயரில் 'குட்' இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். குட் என்பது உருவத்தின் வரைகோடு மட்டும் மிஞ்சிய காசு, அதாவது நன்றாகத் தேய்ந்தது. பைன் என்றால் எல்லாமே இன்னதென்று தெரியும், ஆனால் நுண்வேலை போய்விட்டது. விக்டோரியாவின் ஆடையில் பூ இருந்தது என்று தெரியும், பூவைத் தனியாகக் காட்ட முடியாது. வெரி பைனில் நுண்வேலையில் பெரும்பகுதி இருக்கும், மேடுகள் மட்டும் தட்டை. எக்ஸ்ட்ரீம்லி பைனில் தேய்வைத் தேடித்தான் காணவேண்டும், மினுக்கமும் குழிவான இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கர்கள் 1 முதல் 70 வரை எண் கொடுப்பார்கள். 1949 இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செம்புச் சதங்களுக்காக வகுத்த முறை பிறகு எல்லாக் காசுக்கும் பரவியது. அதில் பைன் 12 ஐ ஒட்டி வரும், வெரி பைன் 20 முதல் 35 வரை, எக்ஸ்ட்ரீம்லி பைன் 40, 45. 50 முதல் 58 வரை புழக்கம் தொட்டும் தொடாததுமான காசு, 60 உம் அதற்கு மேலும் புழங்காதது. பிரித்தானியக் கணக்கு பொதுவாகக் கடுமையானது. ஆகவே யாராவது உங்களிடம் வெரி பைன் என்றால், எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேளுங்கள்.

நானாக இருந்தால், தரத்தைச் சொல்லும் முன் எடையைப் பார்ப்பேன். நகைக்கடையில் இருக்கும் மின்தராசு போதும், இரண்டு தசம தானம் காட்டவேண்டும். வெள்ளி ரூபாயின் முழு எடை 11.66 கிராம், பழைய நிறை அளவில் ஒரு தோலா. இதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1906 ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டத்தின்படி, எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்த ரூபாய் சட்டப்படி செல்லும் காசாக இருக்கவில்லை. அதாவது ஏறத்தாழ 0.23 கிராம். அப்படியென்றால் புழக்கத்தில் நியாயமாகத் தேய்ந்த ரூபாய் பெரும்பாலும் 11.4 கிராமுக்கு மேல் நிற்கவேண்டும். இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. முகம் கூர்மையாக இருந்தும் எடை 11 க்குக் கீழே போனால் அது தேய்வு அல்ல. விளிம்பை யாரோ ராவியிருக்கிறார்கள், அல்லது காசு போலி. முகம் மிகவும் தேய்ந்து எடை மட்டும் முழுதாக 11.66 காட்டினாலும் சந்தேகப்படுங்கள். தேய்ந்த காசிலிருந்து வார்ப்பெடுத்த போலியில் அப்படி வரும். அதில் பரப்பு சோப்புக்கட்டி போல மொழுமொழுவென்று, நுண்ணிய துளைகளோடு இருக்கும். விளிம்பின் பல்வரிசையில் ஓரிடத்தில் ஒட்டுக்கோடு தெரியும்.

இலங்கைச் சதங்களின் எடையும் ரூபாயை வைத்தே அமைந்தது. 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92, 10 சதம் 1.17. ஆனால் அவற்றில் வெள்ளி நூற்றுக்கு 80 பங்குதான். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919 இலிருந்து, 55 பங்காகக் குறைத்தார்கள். இப்படி வெள்ளி குறைந்த காசில் மேடு தேயும்போது செம்பின் இளமஞ்சள் அல்லது சிவப்புச் சாயல் எட்டிப்பார்க்கும். தரம் பார்ப்பவருக்கு அது நல்ல துப்பு. உங்களுடைய ஆறாம் ஜோர்ஜ் ரூபாய்களும் 1940 க்கும் 1945 க்கும் இடைப்பட்டவை என்பதால் அதே வகைதான். 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

இனி, எங்கள் பக்கத்துக் காசுகளுக்கே உரிய சேதங்களுக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கையேடுகளில் தரம் பார்க்கப் படித்தவர்களும் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தேய்வு ஒரு கணக்கு, சேதம் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் கழிக்கக் கூடாது. தேய்வுக்குத் தரம் சொல்லிவிட்டு, சேதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதாரணமாக, "வெரி பைன், ஆனால் காது வைத்த தடம் உண்டு".

காது வைத்த காசு இங்கே ஏராளம். காசுமாலைக்கோ பிள்ளையின் அரைஞாணுக்கோ ஒரு வளையத்தை நகை செய்யும் பத்தர் பற்றவைத்திருப்பார். பிறகு அதைக் கழற்றிச் சீராக்கியிருப்பார்கள். தலைக்கு நேர் மேலே விளிம்பின் பல்வரிசையைப் பாருங்கள். பற்கள் அடைபட்டோ, அந்த இடம் மட்டும் நிறம் மாறியோ இருந்தால் அது பற்றவைத்த தடம். இன்னொரு அடையாளமும் உண்டு. மாலையில் கிடந்த காசு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். நெஞ்சில் உரசிய பக்கம் மழுங்கி, வெளிப்பக்கம் கூர்மையாக இருக்கும். சந்தையில் புழங்கிய காசு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரேயளவாகத்தான் தேயும். உங்கள் விக்டோரியாக்களில் ஒன்று அப்படித்தான் எனக்குத் தெரிகிறது.

சராப்புக்காரர் குத்திய சிறு முத்திரைகளும் வரும். வெள்ளி நல்லதா என்று பார்க்க அந்தக் காலத்துக் காசு மாற்றுபவர்கள் போட்ட அடையாளம் அது. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அதை விரும்புவார்கள், தரம் பார்ப்பவர்கள் சேதம் என்பார்கள். எனக்கு விருப்பம்தான்.

தீயில் கிடந்த காசுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எரிந்த வீட்டிலிருந்து, எரிந்த அலுமாரியின் சாம்பலிலிருந்து எடுத்த காசுகளைக் கையில் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். தூய வெள்ளி 962 பாகையில் உருகும், செம்பு கலந்தது அதற்கு முன்பே இளகும். அப்படி இளகிய காசின் முகம் தேய்ந்தது போலவே மழுங்கியிருக்கும். ஆனால் மேடும் பள்ளமும் ஒன்றுபோல மழுங்கியிருக்கும், பரப்பில் கொப்புளம் போலச் சிறு குமிழ்கள் இருக்கும், சில இடங்களில் பக்கத்துக் காசு ஒட்டிய தடம் இருக்கும். தேய்வு மேட்டைத்தான் தின்னும், தீ எல்லாவற்றையும் தின்னும். அப்படிப்பட்ட காசுக்குச் சந்தையில் மதிப்பு இல்லை. அதைக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு அது என்ன என்பது எனக்குத் தெரியும், ஆகவே விற்கச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை.

மண்ணில் கிடந்ததற்கு வருவோம். இடத்துக்கு இடம் இது மாறும். நந்திக்கடல் ஓரமும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் உப்புப் பிடித்தவை. உப்பிலுள்ள குளோரைட் வெள்ளியோடு சேர்ந்தால் சில்வர் குளோரைட் உண்டாகும். அது சல்பைட் போல மெல்லிய கறுப்பு அல்ல. மெழுகு போல, சாம்பலும் ஊதாவும் கலந்த தடித்த பொருக்கு. அந்தப் பொருக்கு காசின் வெள்ளியைத் தின்றே உண்டானது. ஆகவே சுரண்டினால் கீழே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்தான் வரும். உங்கள் வீட்டுக் கிணற்றடி உப்புத் தண்ணீர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், படத்திலும் மெல்லிய கறுப்புத்தான் தெரிகிறது. நல்ல காலம். சில காசுகளில் தெரியும் பச்சை, கலப்பிலுள்ள செம்பிலிருந்து வந்தது. பச்சை ஒட்டும்பிசினாக இருந்தால் அது பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் செய்த மென்மையான உறைகளால் வருவது. சாதாரணப் பொலித்தீன் அப்படிச் செய்யாது. இனிமேல் காசு போட உறை வாங்கினால் பிவிசி இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

துலக்குவதற்கு வருகிறேன். எனக்கு இருபது வயதிருக்கும்போது 1913 ஆம் ஆண்டு 50 சதம் ஒன்று கிடைத்தது. கறுப்பாக இருந்தது, ஆனால் பனையின் ஒவ்வொரு ஓலையும் தெரிந்தது. பற்பொடி போட்டு ஈரத்துணியால் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பிறகுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முகம் முழுக்க ஒரே திசையில் ஆயிரம் நுண்கீறல்கள். நூறு கைகள் மாறியிருந்தாலும் அந்தக் காசுக்கு வந்திராத சேதத்தை நான் ஐந்து நிமிடத்தில் செய்தேன். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. பல வருடம் கழித்தும் அதன் நிறம் இயல்பாகத் திரும்பவில்லை. புளியும் தேசிக்காயும் அமிலம். அவை படலத்தோடு சேர்த்து, நான் மேலே சொன்ன அந்த நுண்கோடுகளையும் அரித்துவிடும். ஒளி சுழல்வது நின்றுவிடும், காசு செத்த வெள்ளையாகிவிடும். அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் போட்டு வெந்நீரில் வைக்கும் முறை நகைக்கும் குத்துவிளக்குக்கும் நல்லது, தரம் பார்க்கவேண்டிய காசுக்கு வேண்டாம். துலக்கிய காசை அனுபவமுள்ளவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். தரம் சான்றளிக்கும் நிறுவனங்கள் அதற்கு எண் கொடுக்காமல், துலக்கியது என்று எழுதி அனுப்பும்.

மண் ஒட்டியிருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். வாகன உதிரிப்பாகக் கடையில் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்கும். அதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிக் காசை ஒன்றிரண்டு நாள் ஊறவிடுங்கள், இடையில் தண்ணீரை மாற்றுங்கள். அதே கடையில் பற்றரி அமிலமும் விற்பார்கள், கவனமாகப் பார்த்து வாங்குங்கள். எடுத்தபின் மென்மையான பருத்தித் துணியில் வைத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். இளகாத மண்ணை இருந்தபடியே விடுங்கள். பிவிசிப் பிசின் மட்டும் தூய அசிட்டோனில் கரையும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மாந்தைப் பக்கத்து வெள்ளித் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சதுரமும் இல்லாமல் வட்டமும் இல்லாமல், சூரியன் போலவும் மரம் போலவும் சிறு முத்திரைகள் குத்தியிருக்கிறது என்கிறீர்கள். எடை மூன்று கிராமுக்கு மேல் என்றால் அது முத்திரை குத்திய பழைய காசாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது. மாந்தை அந்தக் காலத்துப் பெருந்துறைமுகம் அல்லவா? அதற்கு நான் மேலே சொன்ன தர அளவு எதுவும் பொருந்தாது. எத்தனை முத்திரை தெளிவாகத் தகட்டுக்குள் விழுந்திருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. ஆனால் அதைவிட முக்கியமானது சட்டம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள் நிலத்திலிருந்து கிடைத்தால் அது அரசுக்குரியது, கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும். உறவினரைத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பதையும் எழுதி வைக்கட்டும். வெள்ளியின் மதிப்பை விட அந்தக் குறிப்பின் மதிப்புப் பெரிது, மாந்தையின் வரலாறு அப்படித்தான் துண்டு துண்டாகச் சேர்கிறது. அம்மம்மாவின் ரூபாய்களுக்கு இந்தச் சட்டம் இடைஞ்சல் இல்லை, அவை வெகு பின்னால் வந்தவை.

இப்போது உங்கள் பதினேழு. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். வெள்ளிக் கணக்குப் போட்டால், ஆறாம் ஜோர்ஜ் மூன்றிலும் 5.83 கிராம் வீதம், மற்றப் பதினான்கிலும் 10.69 கிராம் வீதம், மொத்தம் 167 கிராம் தூய வெள்ளி. தேய்வுக்கு இரண்டு மூன்று கிராம் கழித்துக்கொள்ளுங்கள். யார் விலை சொன்னாலும் அதற்குக் கீழே போகக்கூடாது. 1912 முதல் 1920 வரையான ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடித்தவை. பைன் நிலையில் உள்ளவற்றுக்கு வெள்ளி விலையை விடப் பெரிதாக யாரும் தரமாட்டார்கள். அந்த இடத்தில் உங்களுக்குச் சொன்னது முழுப் பொய் அல்ல. எல்லாக் காசையும் ஒரே கூடையில் போட்டதுதான் பிழை.

1862 விக்டோரியா, படத்தில் பார்த்த அளவில், பைன். ஆடையில் பூவேலை கலந்துவிட்டது. அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே பல வருடங்கள் அடித்தார்கள், ஆகவே அது உண்மையில் 1870 களில் அடித்ததாகவும் இருக்கலாம். பூப்பக்கத்தில் சிறு புள்ளிகள் இருக்கின்றனவா, எத்தனை என்று லென்ஸ் வைத்து எண்ணிச் சொல்லுங்கள். சேகரிப்பவர்கள் அந்தப் புள்ளிகளைக் கொண்டுதான் வகை பிரிக்கிறார்கள். மற்ற இரண்டு விக்டோரியாக்களில் ஒன்று மாலையில் கிடந்தது, மற்றது பைனுக்கும் வெரி பைனுக்கும் இடையில். எட்வேர்ட் மூன்றில் 1907 நல்ல வெரி பைன், காதுக்கு மேல் முடி இழைகள் தெரிகின்றன. மற்ற இரண்டும் ஒரு படி கீழே.

என்னை நிறுத்திப் பார்க்கவைத்தது 1919 ஐந்தாம் ஜோர்ஜ். பதினேழில் மிகவும் கறுத்தது அதுதான். அதனால்தான் பேணியின் அடியில் தள்ளிவிட்டது போலப் படத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கறுப்புக்குள் யானையின் தும்பிக்கை தெரிகிறது, காலும் தெரிகிறது, கிரீடத்தின் கற்கள் தனித்தனியாக நிற்கின்றன. எக்ஸ்ட்ரீம்லி பைனுக்குக் குறையாது, அதற்கு மேலேயும் இருக்கலாம். பிளாஷ் வெளிச்சத்தில் மினுக்கம் சுழல்கிறதா என்று சொல்ல முடியவில்லை. நாளைக் காலை யன்னலோர வெயிலில் சரிவாகப் பிடித்து, தலைப்பக்கம், பூப்பக்கம், விளிம்பு மூன்றையும் எடுத்து அனுப்புங்கள். முடிந்தால் நகைக்கடையில் எடையும் பார்த்து எழுதுங்கள். அதுவரை அந்த ஒன்றை மட்டும் மற்றவற்றோடு உரசாமல், மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள்.